இருபது சொல் போக

கிரேன்காரருக்கு வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கண்ணைக் கீழே கப்பலின் வயிற்றில் வைத்துக்கொண்டு, கைகளை மட்டும் நெம்புகோல்களிடம் விட்டு வேலை செய்தவர். எந்த நெம்புகோல் எதற்கு என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது இடது கையும் 'ஆமா' என்கிற ஒரே ஒரு சொல்லும். பசிக்குதா என்றால் ஆமா. பசிக்கலையா என்றால் அதற்கும் ஆமா. கோபம் வந்தாலும் அதுதான், அழுகை வந்தாலும் அதுதான். எழுத்தும் போய்விட்டிருந்தது. பேப்பரைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் பலகைக்கு ஏற்பாடு செய்தாள். அது ஒரு டேப்லட். வீட்டில் எல்லோருக்கும் அது பலகை. திரையில் அறுபது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படமும் ஒரு சொல்லும். தொட்டால் அந்தச் சொல்லைப் பலகை பேசும். எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் என்று அந்தப் பெண்ணும் கிரேன்காரரின் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவு செய்தார்கள். ஆறு மாதம் அவர் திணறினார். அதன் பிறகு படங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முகத்தை எதிரில் இருப்பவரிடம் வைத்துக்கொண்டு கையை மட்டும் பலகையில் ஓட்டினார். தண்ணீர் மேல்வரிசையில் மூன்றாவது. 'வலிக்குது' இரண்டாம் வரிசையில் இடதுகோடி. 'போதும்' வலது மூலையில், கட்டைவிரல் விழும் இடத்தில்.

பலகைக்கு ஒரு ஆண்குரல் இருந்தது. கொஞ்சம் தொண்டை கட்டிய, அவசரமில்லாத குரல். அவருடைய பழைய குரலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இரண்டு வருடத்தில் மனைவிக்கு அது அவர் குரலாகவே ஆகிவிட்டிருந்தது. பழைய குரலை நினைவுபடுத்திப் பார்த்தால் இதுதான் காதில் கேட்டது.

அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. மருத்துவமனைகள், ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை அங்கே வெளுத்து, சூடான பெரிய உருளைகளுக்கு இடையே விட்டு மடிப்பார்கள். ஈரமான விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிப்பாள், மறுமுனையை நெட்டை பிடிப்பாள். நெட்டை என்றுதான் கூடத்தில் அவளுக்குப் பெயர், ஆளும் அப்படித்தான். இரண்டு பேரும் முனைகளை ஒரே நேரத்தில் விறைப்பாக இழுத்து உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல்நுனிகள் வெந்த கிழங்கு மாதிரி இருக்கும்.

பத்து நாளாகப் பலகையில் ஒரு பெட்டி எழும்பிக்கொண்டே இருந்தது. 'புதிய பதிப்பு தயாராக உள்ளது.' அவள் 'பிறகு' என்பதைத் தொட்டுத் தொட்டுத் தள்ளிவந்தாள். அந்தத் திங்கட்கிழமை விடியும்போதே மழை. கஞ்சியை ஆற்றிக் கட்டில் பக்கத்தில் வைத்து, மாத்திரையைப் பிரித்துக் கொடுத்து, பலகையை அவர் மடியில் வைக்கப் போனால் மறுபடி அந்தப் பெட்டி. இந்த முறை 'பிறகு' இல்லை. 'சரி' மட்டும்தான் இருந்தது. ஆறு பத்து பஸ்ஸுக்கு நான்கு நிமிடம் இருந்தது. அவள் 'சரி'யைத் தொட்டாள். திரையில் ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது.

"ரெண்டு நிமிஷத்துல வந்துரும்ங்க. டீச்சர் பதினோரு மணிக்கு எட்டிப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

எதிர்வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றவர். தினமும் பதினோரு மணிக்கு வந்து கதவைத் திறந்து, கிரேன்காரரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவது அவருடைய பழக்கம். அன்றைக்கும் வந்தார். கிரேன்காரருக்குக் காலை எட்டு மணியிலிருந்தே அடிவயிறு இழுத்துப் பிடித்திருந்தது. உடம்பு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவர் கை தானாகவே இரண்டாம் வரிசையின் இடதுகோடிக்குப் போனது.

"நான் நல்லா இருக்கேன்" என்றது பலகை. சின்னப் பெண்ணின் குரல். குதூகலமான குரல்.

அவர் மறுபடி அதே இடத்தை அழுத்தினார். நான் நல்லா இருக்கேன். இன்னொரு தடவை. நான் நல்லா இருக்கேன்.

"அட, குரல மாத்திட்டாங்களா. கேக்க நல்லாத்தான் இருக்கு கிரேன்காரரே" என்றார் டீச்சர். "குளிருதா? போர்வை வேணுமா?"

"ஆமா. ஆமா. ஆமா."

டீச்சர் போர்வையை இழுத்து மூடிவிட்டு, ஜன்னலில் சாரல் அடிக்காமல் சாத்திவிட்டுப் போனார்.

நான்கரை மணிக்கு மனைவி வந்தபோது பலகை சுவர் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. படுக்கை முழுக்க நனைந்திருந்தது. அவர் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. சிறுநீர்ப் பாதையில் கிருமி, அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். "காலையிலயே தெரிஞ்சிருக்குமே, அவர் ஒண்ணும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். "சொல்லியிருப்பார் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து நாள் மருத்துவமனை. இரண்டாம் நாள், வராந்தாவில் நின்றுகொண்டு பலகைக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். இருபத்திரண்டு நிமிடம் இசை ஓடிய பிறகு ஒரு ஆள் எடுத்தான்.

"வணக்கம் மேடம், உங்களுக்கு எப்படி உதவணும்?"

"பழசு வேணும் தம்பி."

"புரியல மேடம்."

"பழைய பலகை. திங்கக்கிழமை வரைக்கும் எப்படி இருந்துச்சோ அப்படி."

"ஓ, புதுப் பதிப்பா மேடம். அதுல நிறைய வசதி இருக்கு. கட்டமெல்லாம் பெருசாயிடுச்சு, பாக்க சுத்தமா இருக்கும். அடிக்கடி பேசுற சொல்லு தானாவே மேல வந்துரும்."

"தானாவே ஏன் மேல வருது? அவர் வச்ச இடத்துலதானே அது இருக்கணும்?"

"பயன்படுத்துறவங்களுக்குச் சுலபமா இருக்கணும்னுதான்."

"தம்பி, உங்க வீட்டு விளக்கு ஸ்விட்ச தினம் ஒரு சுவத்துக்கு மாத்தி வச்சா உங்களுக்குச் சுலபமா இருக்குமா?"

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் நின்றது.

"அவர் படிக்க மாட்டார். படமும் பாக்க மாட்டார். கை எங்க போகுதோ அங்கதான் அவருக்கு வார்த்தை. வலிக்குதுன்னு அழுத்துனா நல்லா இருக்கேன்னு சொல்லுது உங்க பலகை. ஒரு மனுஷன் வாயை எடுத்து வேற இடத்துல வச்சிருக்கீங்க. இப்ப கிட்னி வார்டுல படுத்திருக்கார்."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்." அவன் குரல் இறங்கியிருந்தது. "உண்மையைச் சொல்றேன். பழசுக்குத் திரும்ப எங்ககிட்ட வழி இல்ல. உங்க பழைய அமைப்பும் அழிஞ்சிருக்கும். காலையில இருந்து எனக்கு இது நாப்பதாவது அழைப்பு. நான் எல்லாத்தையும் எழுதி மேல அனுப்புறேன். ரெண்டு வாரத்துல பழகிடும்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் உங்ககிட்ட அதச் சொல்லல."

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றாள் அவள்.

போனை வைத்ததும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் தருக.

பயிற்சி கொடுத்த பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டிருந்தாள். அவள் இடத்துக்கு வந்தவரைப் பார்க்க ஒன்பது வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கிரேன்காரர் பலகையைத் தொடவில்லை. மடியில் வைத்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவள் கேள்விகளாகவே பேச வேண்டியிருந்தது. தண்ணியா? டீயா? காலா? தலையா? இருபது கேள்விக்கு இருபது ஆமா. சில நேரம் ஏழாவது கேள்வியிலேயே அவளுக்கு அலுத்துவிடும். தட்டில் முட்டையை உதிர்த்து வைத்துவிட்டுப் பேசாமல் எதிரில் உட்கார்ந்திருப்பாள். அவரும் பேசாமல் சாப்பிடுவார்.

டீச்சர் இப்போது பதினோரு மணிக்கும் வந்தார், இரண்டு மணிக்கும் வந்தார். ஒரு பாத்திரத்தில் காய்கறி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, முப்பத்தி மூணு வருஷம் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்தே வயித்து வலியா, வீட்டுப்பாடம் எழுதலையான்னு கண்டுபிடிச்சவ நான். அன்னைக்கு இவர் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. அந்தக் குரலத்தான் கேட்டேன்."

"சரின்னு அழுத்திட்டுப் போனது நான்தான் டீச்சர்."

"பஸ்ஸ விட்டுட்டு உக்காந்து படிச்சிருந்தா மட்டும்? அதுல வேற பொத்தானே இல்லன்னுதானே சொன்ன?"

"இல்லதான். ஆனா அவர் பக்கத்துல இருந்திருப்பேன்ல."

சலவைக்கூடத்தில் நெட்டையிடமும் அவள் இதைச் சொன்னாள். உருளைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். நெட்டை விரிப்பை இழுத்துப் பிடித்தபடி சொன்னாள்.

"என் போன்லயும் அப்படித்தான். அழைப்ப எடுக்க வலப்பக்கம் தள்ளிக்கிட்டிருந்தேன். ஒருநாள் பாத்தா இடப்பக்கம் மாத்திட்டானுங்க. எங்க அக்கா தவறிப்போன சேதி வந்துச்சு பாரு, அத நான் மூணு தடவ கட் பண்ணிட்டேன். அவ வீட்டுக்காரர் இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்ல."

"நீ சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? பொத்தான மாத்திட்டாங்கன்னா? நம்புவாரா?"

அடுத்த விரிப்பு வந்தது. இரண்டு பேரும் முனைகளைத் தேடி எடுத்தார்கள்.

அன்றைக்கு அவள் சோப்புத்தூள் வந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, பலகை அளவுக்கு வெட்டி, மழையில் நனையாமல் புடவைக்குள் சுருட்டி எடுத்துவந்தாள். வீட்டில் அதில் கோடு போட்டாள். குறுக்கே பத்து, நெடுக்கே ஆறு. பழைய பலகையில் எது எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். பதினொன்றுக்கு மேல் வரவில்லை. இரண்டு வருடம் அவர் பேசியதைக் கேட்டாளே தவிர, கை போன இடத்தை அவள் கவனித்ததில்லை.

அட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"இது பேசாதுங்க. வெறும் அட்டை. தண்ணி எங்க இருந்துச்சு?"

அவர் அவளைப் பார்த்தார். ஏதோ வேடிக்கை என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு இடது கை எழுந்தது. மேல்வரிசையில் மூன்றாவது. கண் அட்டையில் இல்லை, அவள் முகத்தில்தான் இருந்தது.

அவள் அந்தக் கட்டத்தில் தண்ணி என்று எழுதினாள். "வலிக்குது?" கை போனது. "டீ?" போனது. "ஜன்னல்?" "பாட்டு?" "பொண்ணு?" ஒன்றுகூடத் தயங்கவில்லை. கேள்வி முடிவதற்குள் விரல் போய் நின்றது. அவளுக்கு எழுதத்தான் நேரம் போதவில்லை. அறுபதும் அங்கே அப்படியே இருந்தன. கம்பெனி அழித்தது பலகையில் இருந்ததைத்தான்.

ஆனால் புதுப் பதிப்பில் ஒரு பக்கத்துக்கு நாற்பது கட்டம்தான். கட்டம் பெரிதாகிவிட்டது என்று அந்த ஆள் சொன்னது இதைத்தான். மிச்சத்தை இரண்டாம் பக்கத்தில் வைக்கலாம், விரலால் தள்ளினால் வரும். கிரேன்காரருக்குத் தள்ள வராது. தள்ளிய மறுநிமிடம் முதல் பக்கம் எங்கே போனதென்று தேடுவார். தானாக மேலே ஏறும் வேலையை வெளியூரில் இருந்த மகள் போன் வழியாகவே சொல்லிச்சொல்லி நிறுத்திக் கொடுத்தாள். கட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் அவளாலும் மாற்ற முடியவில்லை. இருபது சொல்லை விட்டாக வேண்டும்.

சலவைக்கூடத்தில் ஓட்டல் சீருடைகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்கள் ஒரு டப்பா நிறைய அவளிடம் இருந்தன. இருபதை எண்ணி அவர் கையருகே வைத்தாள்.

"எது வேணாமோ அதுமேல வைங்க. அவசரமில்ல."

அவர் முதல் பொத்தானை எடுத்தார். 'நல்லா இருக்கேன்' என்ற கட்டத்தில் வைத்து விரலால் அழுத்தினார்.

அடுத்தது நன்றி. அதற்கடுத்தது மன்னிச்சுக்கோ.

"ரெண்டையும் எடுத்துட்டா கிரேன்காரருக்கு மரியாதையே தெரியாதும்பாங்க."

அவர் பல் தெரியச் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு அதுதான்.

தம்பி என்ற கட்டத்தில் ஒரு பொத்தான். அவருடைய தம்பி இந்த இரண்டு வருடத்தில் வந்தது ஒரே ஒரு தடவை. அவள் மறுக்கவில்லை. வானொலி, செருப்பு, ஞாயிற்றுக்கிழமை. 'எங்க போற' என்பதை அவளே எடுக்கச் சொன்னாள், தினமும் காலையில் கிளம்பும்போது அதைத்தான் நாலு தடவை அழுத்துவார். அவர் அட்டையின்மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார். அது இருந்துவிட்டது.

பிறகு அவள் போட்டோ இருந்த கட்டம். அவளைக் கூப்பிட அதைத்தான் அழுத்துவார். அதன்மேல் பொத்தானை வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னையா?"

அவர் கட்டில் சட்டத்தில் மூன்று தட்டு தட்டினார். அவளைப் பார்த்தார். மறுபடி மூன்று தட்டு.

"ஓ. தட்டினா நான் வந்து நிக்கணும். அப்படியா சங்கதி."

"ஆமா."

"இதுக்கு ஒரு கட்டம் எதுக்கு தண்டமா, அதானே."

"ஆமா."

கடைசிப் பொத்தானை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கப்பல் என்ற கட்டத்தில் வைத்தார். அவள் போகும் பஸ் துறைமுகச் சுவரை ஒட்டித்தான் போகும். சாயங்காலம் வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அந்த ஒரு சொல்தான். எத்தனை கப்பல் நின்றது, எந்த நிறம், கிரேன் ஆடியதா என்று அவள் சொல்ல வேண்டும். பல நாள் பஸ்ஸில் தூங்கிவிட்டு வந்து அவள் இஷ்டத்துக்கு ஏதாவது சொல்லியிருக்கிறாள்.

அவள் பொத்தானை எடுத்து ஓரமாக வைத்தாள். "இது இருக்கட்டும். வேற ஏதாச்சும் பாருங்க."

அவர் எடுத்துத் திரும்பவும் அங்கேயே வைத்தார். அவள் மறுபடி எடுக்கப் போனபோது அவள் கைமேல் கையை வைத்துவிட்டார். அவள் எழுந்து போய், மீதிப் பொத்தான்களை டப்பாவில் நிறம் பிரித்துப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அந்தப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதையும் புதிய இடங்களில் வைக்க ஐந்து வாரம் ஆனது. பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட எங்கே வருமோ அங்கே வைத்தாள். ஒரு கட்டத்துக்குப் படம் தேடி, சொல் எழுதி, இடம் மாற்றிச் சேமிக்க அரைமணி நேரம். திரையில் ஒரு தவறான இடத்தில் விரல் பட்டால் மூன்று நாள் வேலை போய்விடும், அதுவும் ஒருமுறை நடந்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்து, சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, பிறகு உட்காருவாள். அவர் தண்ணீர் கேட்கப் போய் ஜன்னல் என்பார். போதும் என்பதற்குப் பதில் பாட்டு என்பார். எரிச்சலில் பலகையைத் தள்ளுவார். அவள் எடுத்துத் துடைத்து மறுபடி வைப்பாள். குரலுக்கு இரண்டே வகைதான் இருந்தது, சின்னப் பெண் அல்லது சின்னப் பையன். இரண்டையும் போட்டுக் காட்டினாள். அவர் தோளைக் குலுக்கினார். பெண் குரலே இருந்துவிட்டது. அதற்குள் மழைக்காலமும் பாதி முடிந்திருந்தது. ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் அவர் டீச்சரிடம், முகத்தைப் பார்த்தபடியே, "சூப் உப்பு போதும்" என்றார். டீச்சர் வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், மதிய இடைவேளையில் அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உதவி எண் ஆள்தான்.

"மேடம், ஞாபகம் இருக்கா? நல்ல சேதி. நிறைய பேர் புகார் பண்ணாங்க. பழைய பதிப்பையே திரும்பக் கொண்டு வர்றாங்க. ஒண்ணாம் தேதி எல்லாருக்கும் தானாவே மாறிடும். அறுபது கட்டம், பழைய குரல், எல்லாம். உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

அவள் வாயில் இருந்த ரொட்டியை விழுங்கினாள்.

"நாங்க இப்ப வச்சிருக்கிறது?"

"அது... புதுசா மறுபடி அடுக்கணும் மேடம்."

"வேணாம்னா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நெட் இணைப்ப துண்டிச்சு வச்சா எதுவும் வராது. எப்பவுமே வராது. நான் சொன்னதா சொல்லாதீங்க."

பஸ்ஸில் வரும்போது அவள் தூங்கவில்லை. அந்தத் தொண்டை கட்டிய குரல் வீட்டுக்குள் மறுபடி கேட்கும் என்று நினைத்தாள். அது 'எங்க போற' என்று கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும், மழைக்கோட்டுடனே கட்டில் பக்கத்தில் நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய அட்டையையும் காட்டினாள். "மறுபடி நான் அடுக்கணும், ஆனா அறுபதும் வரும்ங்க. கப்பலும் வரும். பழைய குரல் வரும்."

அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார், வெந்து வெளுத்த விரல்நுனிகளை. பலகையைத் தொட்டார்.

"வேணாம்" என்றது சின்னப் பெண்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நெட் இணைப்ப எடுத்துட்டா இதுல நம்ம பொண்ணு மூஞ்சியப் பாத்துப் பேச முடியாது. என் போன்லதான். சின்னதாத் தெரியும்." கையிலிருந்த அட்டையைக் கட்டிலில் வைத்தாள். "எனக்கு அந்தக் குரல் வேணும்ங்க. அது போனதிலிருந்து வீட்ல யாரோ இல்லாத மாதிரி இருக்கு."

அவர் உதடு ஏதோ செய்யப் பார்த்தது. வரவில்லை. இடது கையை நீட்டி, கட்டிலுக்குப் பின்னால் சுவரில் மினுங்கிக்கொண்டிருந்த நெட் பெட்டியின் வயரைத் தேடிப் பிடித்து இழுத்தார். ஒரு இழுப்பில் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் வந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

பிறகு கை பலகைக்கு வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வதற்கென்று வைத்திருந்த ஒரு சொல். இந்த இரண்டு வருடத்தில் அவளிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

"உட்காரு."

அவள் ஈரக் கோட்டைக் கழற்றாமலே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அடுப்பு மூட்ட வேண்டும், அவருக்கு உடம்பு துடைக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும். ஒன்றுக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.